காளியாத்தாள் பரிசல் ஏறிய நாள்

காளியாத்தாளுக்கும் பயம் என்று ஒன்று உண்டு என்று பூலாம்பட்டிப் பக்கம் யாராவது சொல்லியிருந்தால், சொன்னவரைத்தான் ஊர் ஏற இறங்கப் பார்த்திருக்கும். வைக்கோல் போருக்கு அடியில் சுருண்டு கிடந்த கண்ணாடி விரியனை மண்வெட்டிக் காம்பால் ஒரே போடு போட்டு வேலிக்கு அப்பால் எறிந்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து குழம்புக்கு உப்புப் பார்த்தவள் அவள். எடப்பாடிச் சந்தையில் ஒரு காளை மிரண்டு ஓடியபோது ஆண்பிள்ளைகள் எல்லாம் வண்டிகளின் மேல் ஏறி நின்றுகொண்டார்கள். இவள் குறுக்கே போய் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து நிறுத்தினாள். அதோடு விட்டாளா என்றால் இல்லை. காளைக்காரனை அதே இடத்தில் நிற்கவைத்துக் கால்மணி நேரம் வைதாள். அதைக் கேட்டுக் காளையே தலையைக் குனிந்துகொண்டது என்று பார்த்தவர்கள் சொல்வார்கள்.

அப்பேர்ப்பட்டவளுக்குப் பரிசல் என்றால் பயம். அதுவும் காவிரிக்கரை ஊரில் வாழ்க்கைப்பட்டுக்கொண்டு! அந்த ஊருக்கு ஆறுதான் எல்லை, அக்கரையில் நெரிஞ்சிப்பேட்டை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், மஞ்சள் மூட்டை, ஆட்டுக்குட்டி, கைக்குழந்தைக்காரி என்று சகலமும் அந்த வட்டமான மூங்கில் கூடைக்குள் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டே போய்வரும். காளியாத்தாள் மட்டும் துறைக்குத் துணி துவைக்கப் போவதோடு சரி. அதுவும் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் ஏறாத இடமாகப் பார்த்துத்தான் உட்காருவாள்.

அவள் பிறந்தது ராசிபுரத்துக்குக் கிழக்கே மானாவாரிக் காட்டில். அங்கே கிணற்றில் எண்பது படி இறங்கினால் ஒரு குடம் தண்ணீர் கிடைக்கும். சின்ன வயதில் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அத்தனை படியும் இறங்கி ஏறியவள்தான். "கெணத்துல எறங்குனவளுக்கு ஆத்துல என்ன புள்ள பயம்?" என்று அவள் வீட்டுக்காரர் ராசப்பன் ஒருமுறை கேட்டார். "கெணத்துத் தண்ணி வெச்ச எடத்துல இருக்குதுங்க. இது நிக்காம ஓடுது. ஓடறத எப்படி நம்பறது?" என்றாள். 

ஐம்பத்தாறாம் வருடம் அவள் கல்யாணமாகி வந்த புதிதில் அக்கரைக் கோயில் நோம்பிக்கு எல்லோரும் கிளம்பினார்கள். புதுப்பெண் பரிசலில் ஒரு காலை வைத்தாள். பரிசல் அரை வட்டம் திரும்பியது. அடுத்த நொடி இரண்டு கையாலும் புருஷனின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு கரையில் உட்கார்ந்துவிட்டாள். வேட்டி அவிழாமல் தப்பியது ராசப்பன் முன்னோர் செய்த புண்ணியம். அவர் சாதுவான மனிதர், பெண்டாட்டியின் மானத்தைக் காப்பாற்ற வாயில் வந்ததைச் சொன்னார். "அவ மாசமா இருக்கறா, பரிசல் வேண்டாம்." ஊரே சந்தோஷப்பட்டது. அந்தப் பொய்யை மெய்யாக்க இரண்டு வருடம் ஆனது. அப்படிப் பிறந்தவள்தான் சௌந்திரம், ஒரே பெண்.

அதற்குப் பிறகு இருபத்து மூன்று வருடம் காளியாத்தாள் ஒரு கல்யாணத்துக்கோ காதுகுத்துக்கோ அக்கரை போனதில்லை. யார் வந்து அழைத்தாலும் ஒரு சாக்கு தயாராக இருக்கும். பாதி நாள் தலைசுற்றல், மீதி நாள் எருமை. அவர்கள் வீட்டு எருமை ஒரே வருடத்தில் நான்கு தடவை கன்று போட்டது. இதெல்லாம் ராசப்பனுக்கு மட்டும்தான் தெரியும். வாய் நீளமுள்ளவள் பயந்தவள் என்று வெளியே தெரிந்துவிட்டால் அந்த வாய்க்கு அப்புறம் மதிப்பேது என்பது அவள் எண்ணம். அக்கரைக்காரர்களுக்கு என்ன தெரியும்? "காளியாத்தாளுக்கு நம்ம ஊருன்னா எளக்காரம்" என்று பேசிக்கொண்டார்கள்.

இப்படி இருக்கையில் எழுபத்தெட்டில் சௌந்திரத்துக்கு ஒரு நல்ல இடம் வந்தது. பையன் வெள்ளியங்கிரி தங்கமானவன், பீடி சிகரெட் கிடையாது, தோட்டங்காடு உண்டு, அம்மா சென்னியம்மாள் மட்டும்தான். எல்லாம் பொருந்தியது. வீடு மட்டும் அக்கரையில் இருந்தது.

முதலில் வேண்டாம் என்றவள் சௌந்திரம்தான். "அக்கரைன்னா வேண்டாம்மா. நீ என்னைப் பாக்க வரவே மாட்டே" என்றாள். காளியாத்தாளுக்குச் சுருக்கென்றது. ஒரு நல்ல பையனைத் தன்னால் மகள் இழப்பதா? "யாரு சொன்னா? மாசம் தவறாம வருவேன். பரிசல்ல ஏறுனா பத்து நிமிசம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். கொடுத்த நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பஸ்ஸில் போகலாம்தான். மேட்டூர் சுற்றி இரண்டு பஸ் மாறிப் போய்ச்சேர மத்தியானமாகும், திரும்பி வர இருட்டிவிடும். மாடுகன்று உள்ள வீட்டில் அது மாதாமாதம் நடக்கிற காரியமில்லை. அதோடு, கண்ணுக்கு எதிரே இருக்கிற ஊருக்கு மேட்டூர் வழியாகப் போனால் ஏன் என்று கேட்க மாட்டார்களா? கார்த்திகையில் மாப்பிள்ளை வீடு பார்க்க உறவெல்லாம் பரிசலேறிப் போனபோதும் அவள் போகவில்லை. எருமையைத்தான் சொன்னாள். பெற்ற மகள் காலத்துக்கும் வாழப்போகிற வீட்டைப் பெற்றவள் பார்க்கவில்லை. "சம்பந்தியம்மாளுக்கு நம்ம ஊட்ட வந்து பாக்கக்கூட மனசில்லையாட்ட இருக்குது" என்று சென்னியம்மாள் சொன்னதாக, ராசப்பனின் அக்கா அத்தாயி வந்து ஒன்றுக்கு இரண்டாகச் சொல்லிவிட்டுப் போனாள். சௌந்திரம் அதைக் கேட்டுவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். அதுதான் காளியாத்தாளை அறுத்தது.

மாசியில் கல்யாணம், பெண் வீட்டில். அதற்கு முன்னால் தை மாதக் கடைசியில் ஆத்துச்சோறு வந்தது. ஆற்றைத் தாண்டிக் கட்டிக்கொடுக்கிற பெண்ணுக்கு அவர்கள் வகையறாவில் செய்கிற விருந்து அது. கல்யாணப் பெண்ணுக்குப் புதுச்சேலை கட்டி, பூ முடித்து, சொந்தபந்தமெல்லாம் பரிசலேறி நடு ஆற்று மணல்திட்டுக்குப் போவார்கள். பரிசல் தண்ணீரில் இருக்கும்போதே பெற்றவள் மகளுக்கு மூன்று வாய் ஊட்ட வேண்டும். அப்புறம் திட்டில் இறங்கி எல்லோரும் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள். ஒரே ஒரு கட்டுப்பாடு, தாலி ஏறாத பெண் அக்கரை மண்ணை மிதிக்கக்கூடாது.

காளியாத்தாள் ஒரு வாரம் யோசித்தாள். பிறகு அத்தாயியைத் தனியே கூப்பிட்டாள். "நங்கை, நீங்க மூத்தவங்க, சுமங்கலி. அன்னைக்கு நீங்களே சௌந்திரத்துக்கு ஊட்டியுடுங்க. எனக்கு இப்பல்லாம் கிறுகிறுன்னு வருது." அத்தாயிக்கு வாயெல்லாம் பல். அந்த நாளுக்கென்று மூக்குத்தியைத் தேய்த்து வைத்துக்கொண்டாள்.

மேட்டூர் அணையை அடைத்து ஒரு வாரமாகியிருந்தது. ஆறு தணிந்து, நடுவில் திட்டு வெள்ளையாகத் தெரிந்தது. தான் போகாத விருந்துக்குக் காளியாத்தாள் விடிய மூன்று மணிக்கே எழுந்து சமைத்தாள். புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, எள்ளுச்சோறு, தயிர்ச்சோறு, கச்சாயம், சௌந்திரத்துக்குப் பிடித்த ஒப்புட்டு. குற்ற உணர்ச்சியில் சமைக்கிறவள் கை தாராளமாகத்தான் இருக்கும். பத்துப் பேர் சாப்பிட முப்பது பேருக்கு இருந்தது. பாத்திரங்களைத் துறைக்குக் கொண்டுபோகவே கட்டைவண்டி பூட்டினார்கள்.

துறையில் பரிசல்காரர் சடையனும் அவர் தம்பியும் ஆளுக்கொரு பரிசலோடு நின்றார்கள். தம்பியின் பரிசலில் அத்தாயியும் மற்றவர்களும் பாத்திரங்களும். சடையன் பரிசலில் மாம்பழ நிறச் சேலையும் கனகாம்பரமுமாகச் சௌந்திரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஓர் இடத்தைத் தன் கையாலேயே துடைத்து வைத்திருந்தாள். ராசப்பன் கரையில் நின்று வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"நீங்க போயிட்டு வாங்க சாமி," என்றாள் காளியாத்தாள் மகளிடம். "எருமை நோவெடுத்து நிக்குது. நான் ஊட்டுக்குப் போறேன். அத்தை ஊட்டுவாங்க."

"எந்த எருமைம்மா?"

"அதான், கொம்பு வளைஞ்சது."

"அதப் போன மாசமே வித்தாச்சும்மா."

அடுத்த பரிசலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சௌந்திரம் சிரிக்கவில்லை. எழுந்து நின்றாள். பரிசல் ஆடியது. "உனக்கு அந்த ஊரு ஆகல. எனக்குத் தெரியும். ஊடு பாக்க வரல. இன்னைக்கும் வரல. கட்டிக் குடுத்தாப் பாரம் எறங்குச்சுன்னு இருக்கறே. மாசம் தவறாம வாரேன்னு எதுக்கும்மா பொய் சொன்னே?"

அவள் கோபமாகக் கேட்டிருந்தால் காளியாத்தாள் இரண்டு மடங்கு கோபமாகப் பதில் சொல்லியிருப்பாள். கண்ணில் தண்ணீரோடு கேட்டால் என்ன செய்வது?  ராசப்பன் வழக்கம்போலக் குறுக்கே வந்தார். "அதில்ல சாமி, உங்கம்மாளுக்குத் தலை..."

"நீங்க சும்மா இருங்க" என்றாள் காளியாத்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். "எனக்குப் பயம் சாமி."

"எதுக்குப் பயம்?" என்று அத்தாயி அங்கிருந்து கத்தினாள்.

"தண்ணிக்கு. இந்தப் பரிசலுக்கு. இன்னைக்கு நேத்தில்ல, நான் இந்த ஊருக்கு வந்த நாளா. எருமையுமில்ல, தலைசுத்தலுமில்ல. பயம்."

சிரிப்பு ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றியது. விரியனை அடித்தவளுக்குப் பரிசல் பயமா? அத்தாயி விலா நோகச் சிரித்தாள். காளியாத்தாள் முகம் சிவந்து, மூக்கு விடைத்து நின்றாள். ஆனால் யாரையும் வையவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் சிரிப்பு ஒவ்வொன்றாக நின்றது.

சௌந்திரம் புதுச்சேலை நனைய இறங்கி வந்து அம்மாவின் கையைப் பிடித்தாள். "இத்தன நாளு எங்கிட்டச் சொல்லக்கூடாதாம்மா? நான் என்னென்னமோ நெனச்சுட்டேன். நீ ஏற வேண்டாம். நானே வாரேன். எனக்கென்ன, பத்து நிமிசம். வாரத்துக்கு ஒருக்கா ஓடியாந்துருவேன்."

 இதே வார்த்தையைக் காளியாத்தாளும் தன் அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தாள். அறுபத்திரண்டில் ராசிபுரத்திலிருந்து அம்மாவுக்குக் காய்ச்சல் என்று ஆள் வந்தது. கடலைக்காய் பிடுங்குகிற நேரம். இன்றைக்கு, நாளைக்கு என்று மாமியார் விடுவதற்குப் பன்னிரண்டு நாளாயிற்று. அவள் போனபோது அம்மா தேறி எழுந்து உட்கார்ந்திருந்தாள். "இப்பத்தான் உட்டாங்களா கண்ணு?" என்று கேட்டுவிட்டு அவளுக்குச் சோறு போட்டாள். குறையாகக்கூடக் கேட்கவில்லை. கட்டிக்கொடுத்த பெண் நினைத்தபோதெல்லாம் ஓடிவர முடியாது என்பது சௌந்திரத்துக்குத் தெரியாது, காளியாத்தாளுக்குத் தெரியும். போகிறவள் பெற்றவளாகத்தான் இருக்க வேண்டும்.

"நீ ஒண்ணும் வரவேண்டாம்," என்றாள். "தள்ளு, ஏறறேன்."

ஏறுவது என்ன சுலபமாகவா நடந்தது? சடையன் பரிசலை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டார், ராசப்பன் பின்னாலிருந்து தாங்கினார். காளியாத்தாள் குலதெய்வத்திலிருந்து ஆரம்பித்துத் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டாள். ஒருவழியாக உள்ளே உட்கார்ந்து கண்ணை இறுக மூடிக்கொண்டு மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். சடையன் துடுப்புப் போட்டார். பரிசல் தன் குணப்படி ஒரு சுற்றுச் சுற்றியது. காளியாத்தாள் பிடி இறுகியது. படக் படக்கென்று அந்தக் கையில் சௌந்திரம் போட்டிருந்த கண்ணாடி வளையல் இரண்டும் போயிற்று.

"ஐயையோ! கல்யாணப் பொண்ணு வளையலு ஒடைஞ்சுதே!" என்று அத்தாயி அலறினாள்.

"பெருகிருச்சுன்னு சொல்லுங்கம்மிணி. நல்ல வார்த்தையாச் சொல்லுங்க" என்றார் சடையன், துடுப்பை நிறுத்தாமல்.

காளியாத்தாள் கண்ணைத் திறந்தாள், அத்தாயியை வைவதற்குத்தான். திறந்தால் நாலு பக்கமும் ஆறு. கரை பின்னால் போயிருந்தது. வைய வந்தது மறந்துபோயிற்று. ஆனால் மகளின் கை மொட்டையாக இருப்பதைப் பார்த்ததும் வேறு ஒன்றும் தோன்றவில்லை. தன் கையிலிருந்து இரண்டு வளையலை உருவி மகள் கையில் ஏற்றினாள். ஏற்ற இரண்டு கையும் வேண்டியிருந்தது. எதையும் பிடிக்காமல் ஆற்றின் மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்பது ஏற்றி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

"இப்ப ஊட்டுங்கம்மிணி. நடு ஆறு" என்றார் சடையன்.

அடுத்த பரிசலை நெருக்கி ஒப்புட்டுப் பாத்திரத்தை வாங்கினார்கள். அத்தாயி, அவளையும் குறை சொல்லக்கூடாது, மூக்கை உறிஞ்சிக்கொண்டே தன் கையால் எடுத்துக் கொடுத்தாள். காளியாத்தாளின் கை நடுங்கிய நடுக்கத்தில் மூன்று வாயில் ஒன்றரை வாய்தான் சௌந்திரத்துக்குள் போனது. மீதி மாம்பழ நிறச் சேலைக்கு. தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

திட்டில் விருந்து அமர்க்களப்பட்டது. வாழை இலையை மணலில் விரித்து, வெயில் ஏற ஏறச் சாப்பிட்டார்கள். ஆத்துச்சோறு பார்க்க அக்கரைத் துறையிலும் நாலைந்து பெண்கள் வந்து நின்றார்கள். நடுவில் நின்றவள் சென்னியம்மாள். அவளை அடையாளம் கண்டதும் காளியாத்தாள் இலையை மடித்தாள்.  பிறகு எழுந்து கையைக் கழுவினாள்.

"ஏனுங்க சடையண்ணா, என்னைய அக்கரையில கொண்டுபோய் உடுங்க."

எல்லோரும் வாயிலிட்ட சோற்றோடு நிமிர்ந்து பார்த்தார்கள். சௌந்திரம் துள்ளி எழுந்தாள். "சித்த இரும்மா, நானும் வாரேன். கரையில எறங்காம பரிசல்லயே உக்காந்துக்கறேன். உனக்குக் கையப் புடிச்சுக்க ஆளு வேணுமில்ல?"

"வேண்டாம் சாமி. நீ அங்க வாக்கப்பட்டுப் போனப்பறம் பரிசல்ல எங்கூட யாரு உக்காந்துட்டு வருவா? உன்னையப் பாக்கத்தான வரோணும்? உன் கையப் புடிச்சுட்டே வந்தா அது நான் வந்ததாவே ஆவாது. இன்னைக்கு உட்டா எனக்கு இந்தத் தைரியம் மறுக்கா வராது." திரும்பிப் பார்த்தால் ராசப்பனும் எழுந்து நின்றார். "நீங்களும் வேண்டாமுங்க. வேட்டி பத்திரம்."

காளியாத்தாள் ஏறினாள். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. மூங்கில் விளிம்பை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு ஆற்றை வைய ஆரம்பித்தாள். "நில்லு! எங்க ஓடறே? ஒரு எடத்துல இருந்தா உனக்கென்ன கேடு?" என்று அவள் கேட்ட கேள்வியெல்லாம் திட்டில் நின்றவர்களுக்குத் துல்லியமாகக் கேட்டது. சடையன் நாற்பது வருடம் துடுப்புப் போட்டவர். அந்த ஆறு அன்றைக்கு வாங்கியதுபோல என்றைக்கும் பேச்சு வாங்கியதில்லை என்று பிற்பாடு சொன்னார். சௌந்திரம் தண்ணீர் ஓரம்வரை வந்து, புறங்கையைக் கடித்துக்கொண்டு, பரிசல் அக்கரை சேர்கிறவரை அசையாமல் நின்றாள்.

"வாங்க சம்பந்தி," என்றாள் சென்னியம்மாள். குரலில் கொஞ்சம் குத்தல் இருந்தது. "இருவது வருசத்துக்கப்பறம் இப்பத்தான் எங்க ஊருக்கு வழி தெரிஞ்சுதுங்களா?"

"வழி தெரியுமுங்க. பயமுங்க. பரிசல்னாப் பயம். எளக்காரமில்லைங்க சம்பந்தி, சத்தியமாப் பயம்."

இரண்டாம் முறை சொல்லும்போது அது அத்தனை கனமாக இல்லை. சென்னியம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். துடுப்புத் தண்ணீர் தெறித்து நனைந்த சேலை, மூங்கில் விளிம்பின் தடம் பதிந்த கை. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "அட ஏனுங்க, இதுக்கா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியுட்டிருந்தா நானே அங்க வந்திருப்பனே. வாங்க, ஊட்டுக்கு வந்து ஒரு வாய் தண்ணி குடியுங்க."

வீடு துறைக்குப் பக்கத்திலேயேதான். காளியாத்தாள் நீர்மோர் குடித்தாள். சமையல்கட்டைப் பார்த்தாள், சௌந்திரம் படுக்கப்போகிற அறையைப் பார்த்தாள், ஜன்னல் கதவைத் திறந்து மூடிப் பார்த்தாள். புறக்கடைக்குப் போனவள் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டாள். சென்னியம்மாள் வந்து கூப்பிட்ட பிறகுதான் திரும்பினாள்.

பரிசல் திட்டுக்கு வந்ததும் சௌந்திரம் ஓடிவந்து அம்மாவைப் பிடித்து இறக்கினாள். "பயமா இருந்துச்சாம்மா?"

"இருந்துச்சு. இன்னும் இருக்குது. மாசாமாசம் இருக்கும், வருவேன்." காளியாத்தாள் மகளின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். "ஊடு நல்ல ஊடு சாமி. சமையக்கட்டுல வெளிச்சமிருக்குது. பொறக்கடையில ஒரு தொவைக்கற கல்லு கெடக்குது. அதும்மேல நின்னு பாத்தா ஆத்துக்கு இந்தப் பக்கம் நம்மூட்டு வாசல் தெரியுது. நான் காத்தால வாசக்கூட்டறது உனக்கு அங்கிருந்தே தெரியும்."

சௌந்திரம் அம்மாவின் ஈரத் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். காளியாத்தாள் அழாதே என்று சொல்லாமல் அவளை அழவிட்டாள்.